குலமுறை கிளத்தலும் வாய்மையும்

தம் முன்னோர் யாவர், எவ்வூரினின்று வந்தனர், எத்தொழில் புரிந்து எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. மிதிலையில் விசுவாமித்திர முனிவர் இராமபிரானது குலமுறையைச் சனகனுக்கு எடுத்துரைத்ததனைக் கூறுதற்கென்றே கம்பர் ஒரு படலம் வகுத்தனர். திருவள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்புதற்குரியாரை எண்ணுங்கால் தென்புலத்தாரையே முதற்கண் வைத்தனர். ஆதலின் முன்னோரை ஆராய்தல் குற்றமன்று, கடனேயாம். ஆயின், அவ்வாராய்ச்சியிற் புகுவார்க்கு மூன்று நான்கு தலைமுறைக்கு மேல் வழி இருண்டுவிடுகின்றது. பாட்டனாருடைய பாட்டனார் பெயரை அறிந்தார் சிலர். பாட்டியாருடைய பாட்டியார் பெயரை அறிந்தார் அவரினுஞ் சிலர். அவ்விருளில் அறிந்ததனோடு அமைந்து நிற்றல் முறையோ, கற்பனையால் நிரப்பிக் கொள்ளுதல் முறையோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கற்பனையால் நிரப்பினும் யார்க்கும் ஊறில்லை. இளையோர்க்கு ஊக்கம் பிறக்கும். சோழ வேந்தர்களே அவ்வாறு செய்தனர் அன்றோ எனின், அவ்வேந்தர்கள் செய்தது இன்னதென முதலில் தெளிதல் வேண்டும்.

முதலாம் இராசேந்திர சோழன் திருவாலங்காட்டுத் திருக்கோயிலுக்குப் பழையனூரை அளித்ததனைக் கூறுஞ் செப்பேடு 31 இதழ்களை உடையது. 1905-ஆம் ஆண்டிற் கிடைத்தது. அதன் வடமொழிப் பகுதி ஞாயிற்றினின்று தொடங்கி, மனு, இக்குவாகு, சிபி எனப் பல பெயர்களை அடுக்கி, கரிகாலன், கோச்செங்கணான் என்போரைக் கூறி, ஒன்பதாம் நூற்றாண்டிற் றஞ்சையைக் கைக்கொண்ட விசயாலயனிடத்து வருகின்றது. அன்பிற் செப்பேடு, ஆனைமங்கலச் செப்பேடு, வீரராசேந்திரனது கன்னியாகுமரிக் கல்வெட்டு ஆகியவற்றிலும் இத்தகைய வரிசைகள் உள. இந்நான்கனையும் ஒப்பு நோக்குவார்க்கு, விசயாலயனுக்குப் பிற்பட்ட பகுதி பெரிதும் ஒத்து நிற்றலும், முற்பட்ட பகுதி பெயரானும் முறையானும் வேறுபடுதலும் புலனாம். நினைவு நின்றவிடத்துப் புலவர் நா தொழிற்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இனி, அச்செப்பேட்டின் தமிழ்ப் பகுதியை நோக்குக. ஆண்டுப் புலவரது கற்பனைக்கு இடமேயில்லை. அரசன் ஆணை, அதனை எழுதிய அதிகாரிகள், உடன் நின்றார், பிடியானையை நடத்தி எல்லை வகுத்தமை, வாய்க்காலும் வயலும் மேடுமாகிய எல்லைக் குறிகள் என்பன ஒவ்வொன்றாக எண்ணி எழுதப்பட்டுள்ளன. என்னை? எல்லையில் ஒரு சாண் பிழைப்பினும் அயலான் வயல் பறிபோம். வேந்தனைப் பாடுமிடத்துக் கற்பனைக்கு இடந்தந்தார், பிறர் உரிமையைத் தொடுமிடத்து அதனை அணுகவும் விட்டிலர். புகழ்ச்சியும் சான்றும் ஒரே செப்பேட்டில் உளவாயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகவில்லை. ஆதலின், சோழர் செய்தது கற்பனையைச் சான்றாக நாட்டுவார்க்குத் துணையாகாது. அவ்விரண்டனையும் பிரித்து வைப்பார்க்கே துணையாம்.

சான்று இன்னதென்பதற்கு வேறெங்கும் போதல் வேண்டா. திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த வழக்கினைச் சேக்கிழார் பெருமான் அருளியவாறு சைவர் யாவரும் அறிவர். நம்பியாரூரர் தம் வழித்தொண்டர் என்று வாதித்த முதிய வேதியரிடம், நெடுநாள் ஆட்சியேனும், எழுதிய ஆவணமேனும், அயலார் கண்டறிந்து கூறுஞ் சாட்சியேனும் காட்டுக என்றனர் அவையோர். அவர் மூல ஓலையைக் காட்டியவழியும் அதனை வாளா ஏற்றிலர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டே துணிந்தனர். வழக்காட வந்தவன் இறைவனேயாயினும், குலவழியைப் பற்றிய சொல் சோதிக்கப்பட்டே ஏற்கப்பட்டது.

இம்மூன்றும் குடிவரலாறு ஆராய்வார்க்கு இன்றும் பொருந்துவன. ஒரு குடியினர் ஐந்து தலைமுறையாக வேற்றூரில் வாழ்ந்தும், குழந்தைக்கு முடியிறக்கப் பழையதொரு சிற்றூர்க் கோயிலுக்கே செல்வராயின், அஃது ஆட்சி. நிலப்பத்திரம், சாதக ஓலை, கோயிற் கல்வெட்டு என்பன ஆவணம். ஊரிலுள்ள முதியோரும் பிற குடியினரும் கேட்டறிந்து சொல்வது அயலார் சான்று. இவை மூன்றும் எட்டாதவிடத்துக் கருதலளவை உண்டு. ஆயினும் புகை கண்டு நெருப்பைக் கருதலாமேயன்றி, நெருப்பின்மேல் விருப்பங் கொண்டு புகையைப் படைத்தல் கூடாது. இக்காலத்து இத்தொழிலோர் இவ்வாறு வாழ்ந்திருத்தல் கூடும் எனக் கற்பித்து எழுதுவார், அதனைக் கற்பனையென்றே குறித்து வைப்பாராயின், அது கதையாய் நின்று இன்பம் பயக்கும். குறியாது விடின், பேரன் காலத்தில் அதுவே வரலாறாகிவிடும்.

அதனால் வரும் ஊறு யாதெனின், கூறுதும். படைத்துக் கொண்ட ஒரு சிற்றரசனைக் குடிமுதல்வனாக வைத்த அளவானே, அவ்விடத்துக்கு உரிய ஒருவர் அகற்றப்படுகின்றார். அவர் ஏர் உழுதவராகலாம். பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து மக்களைக் காத்த ஒரு கைம்பெண்ணாகலாம். இவ்வுடம்பும் உணவும் அவராலேயே வந்தன. அவர் பெயர் தெரியாமை காலத்தின் குற்றம்; அவர் இடத்தில் மற்றொருவரை ஏற்றுதல் செய்ந்நன்றி கோறல். தெரியாத பெயருக்கு வெற்றிடம் விடுதல் அவர்க்குச் செய்யும் மரியாதையாகும். இனி, அவ்வாறு படைத்த உயர்வு வீட்டளவில் நில்லாது, அயற்குடியைத் தாழ்த்துதற்கும் கோயிலில் முன்னுரிமை கேட்டு வழக்காடுதற்கும் கருவியாதலும் உண்டு.

பெயர் நிலைபெறுதற்கு அரசராதல் வேண்டுவதின்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், பல ஊர்த் திருக்கோயில்களினின்றும் வருவித்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், அவரவர் பெயர், முன்னிருந்த கோயில், பெற்ற வீடு என்பவற்றோடு கல்லில் வெட்டுவித்தான். ஒவ்வொருவர்க்கும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்காகும். மேலே கூறிய சூரிய குலப் பெயர்களுட் பலவற்றை நிறுவுதற்குச் சான்றில்லை. இம்மகளிர் பெயர்களோ ஆயிரம் ஆண்டு கடந்தும் ஐயமின்றி நிற்கின்றன.

உயிர்க்கு உண்மையாற் பிறப்பு வரிசை இதுவன்று. தாய் தந்தையர் வழி வருவது வினைக்கேற்ப இறைவன் கூட்டும் உடம்பே. அவ்வாறாகக் குடிமரபை ஆராய்தலாற் பயன் என்னை என வினவுவாரும் உளர். திருவாலங்காட்டுச் செப்பேடே அதற்கு விடை தருகின்றது. வேந்தரை அடுக்கிச் செல்லும் அவ்வரிசையின் நடுவே, கோச்செங்கணான் முற்பிறப்பிற் சிலந்தியாயிருந்தான் என்பதனையும் அது கூறுகின்றது. திருவானைக்காவில் இறைவன்மேற் சருகு உதிராவண்ணம் நூற்பந்தர் இழைத்த சிறுபூச்சியே சோழர் குடியிற் பிறந்து நாயனாராயிற்று. ஞாயிற்று வழிவந்த பெருமை அவரை நாயனாராக்கவில்லை. சிலந்தியாயிருந்து செய்த தொண்டே ஆக்கிற்று. குலவரிசையைச் செம்மையாகக் கற்பான் செருக்குக் கொள்ளான். தன் அயலானும், தன் வீட்டுக் கூரையிலுள்ள சிலந்தியுந்தானும் எவ்வழி வந்தன என்பதனைத் தான் அறியான் என்று அடங்குவான்.

ஆயின் அக்கல்வி பயனற்றதுமன்று. திருவெண்ணெய்நல்லூரில் பாட்டனார் ஓலை வாயிலாக நம்பியாரூரர்க்கு வந்தது நிலமோ, பட்டமோ, பழம்பெருமையோ அன்று. தீர்த்தற்கரிய ஓர் அடிமைக் கடமையே. முதலில் அதன் படியோலையைப் பறித்துக் கிழித்தவர், மூல ஓலை மெய்யென்று கண்டபின் அதற்கு உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டினின்றே அவருடைய பாடல்கள் பிறந்தன. முன்னோர் ஓலையைத் தேடுவார், தமக்குச் சேரவேண்டிய புகழ் யாதென்று தேடுதலினும், தாம் செலுத்தவேண்டிய கடன் யாதென்று தேடுதல் நன்று. அங்ஙனந் தேடுவார்க்குக் கற்பனையாற் படைக்க வேண்டுவது ஒன்றுமில்லை. பொய்யாகக் கடனை எழுதிக்கொள்வார் உலகில் இலர்.

திருச்சிற்றம்பலம்.