உண்ண மறுக்கும் வாத்தும் உடையவர் கடமையும்

வாயில்லாச் சீவன் என்று விலங்குகளையும் பறவைகளையும் நாம் இரக்கத்தோடு குறிப்பிடுகின்றோம். இரக்கம் உண்மையே, சொல்தான் முற்றும் பொருந்தவில்லை. முற்றத்தில் வளரும் வாத்துக்கு வாய் இருக்கின்றது. காலையில் கூண்டைத் திறந்ததும் அது எழுப்பும் ஆரவாரம் அண்டை வீட்டாருக்கும் கேட்கும். தவிட்டைக் குழைத்து வைத்தால் அலகைப் புதைத்து அள்ளி உண்ணும். அதே வாத்து ஒரு நாள் அதே தட்டின் முன் வந்து நின்று, அலகைத் திறவாமல் திரும்பிக்கொள்கின்றது. குரலும் இல்லை, நீரில் இறங்கும் விருப்பமும் இல்லை. வாலை ஆட்டாமல் ஒரு மூலையில் அமர்ந்து விடுகின்றது. அப்போது அதனை வளர்ப்பவர் செய்யவேண்டியது என்ன? இது கால்நடை மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வியாயிற்றே, இலக்கியத் திங்களிதழில் இதற்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மருத்துவரிடம் கேட்கவேண்டியது பாதி. மற்றப் பாதி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

அந்த வாத்து எவ்வாறு நம் பொறுப்பாயிற்று என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஏரியில் நீந்தும் காட்டு வாத்து உண்ணாமற்போனால் அதற்காக நம்மை எவரும் வினவப்போவதில்லை. அது தன் நீரை மாற்றிக்கொள்ளும். வேறு கரைக்குப் பறக்கும். ஒவ்வாத பூண்டை விட்டு ஒத்ததைத் தேடும். நம் முற்றத்து வாத்துக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. நாம் வைத்த நீரே அதன் ஏரி. நாம் இட்ட தீனியே அதன் வயல். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நம் வாசகர் அறிந்ததே. அப்பெண்ணின் குற்றம் இரு கூறாகச் சொல்லப்படுகின்றது. தானும் உணவிடவில்லை என்பது ஒன்று. தானே இரை தேடிக்கொள்ள அதனை அவிழ்த்துவிடவும் இல்லை என்பது மற்றொன்று. மேடைகளில் முதற்கூறே பெரிதும் பேசப்படுகின்றது. நமக்கோ இரண்டாவதே ஆணிவேராகத் தோன்றுகின்றது. அடைத்து வைத்த கணமே அவ்வுயிரின் பசி அடைத்தவரின் கணக்கில் ஏறிவிடுகின்றது.

சட்ட அறிஞர்கள் இதனை வெறும் இரக்கச் செய்தியாக விட்டுவிடவில்லை. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில், மனைவி மக்களுக்குச் செலவிடும் கடமையைப் பேசும் பகுதியிலேயே கால்நடைகளின் தீனியும் நீரும் இடம்பெறுகின்றன. உடையவர் தர மறுத்தால், உண்ணத்தக்க பிராணியாயின் அதனை விற்கவோ, அதற்குத் தீனியிடவோ, அறுக்கவோ அவரை வற்புறுத்தவேண்டும் என்பது ஷாஃபிஈ நெறி. ஹனஃபி அறிஞருட் பலர், இது இறைவனுக்கும் அவருக்கும் இடைப்பட்ட கடமை, நீதிபதி வற்புறுத்துவதற்கில்லை என்றனர்; இமாம் அபூயூசுஃப் அவர்களோ வற்புறுத்தலாம் என்ற பக்கம் நின்றார்கள். இவை யாவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது, 1262ஆம் ஆண்டு மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் அவர்களின் கருத்து. முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையை ஒரு பிராணி அடைந்தபோதும், அதற்குரியதைச் செலவிடுவது அதன் உரிமைகளுள் ஒன்று என அவர்கள் எழுதினார்கள். உரிமை என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். முட்டையிடும் வரையில்தான் தவிடு என்ற கணக்கு அங்கே செல்லாது.

ஆயினும் இவ்விதிகள் உணவிட மறுக்கும் மனிதரை நோக்கியவை. இட்ட உணவை உண்ண மறுக்கும் பிராணியின் நிலை என்ன? தட்டு நிரம்பியிருக்கின்றது, நீரும் இருக்கின்றது. "நாம் வைத்தாயிற்று, அது தின்னவில்லை" என்று உடையவர் கை கழுவிவிடலாமா? கூடாது என்பதே நம் எண்ணம். பறவைகள் தம் நோயை இயன்றவரை மறைத்து வைப்பவை. மெலிவு தெரிந்தால் வேட்டையாடும் விலங்கு அதனையே குறிவைக்கும் என்பதால் இயற்கை கற்பித்த மறைப்பு இது. ஆகவே தீனியை வெறுக்கும் அளவுக்கு ஒரு வாத்து வந்துவிட்டதென்றால், நோய் பெரும்பாலும் முன்பே உள்ளே புகுந்து வேலை செய்துகொண்டிருக்கின்றது. முழுதாக ஒரு நாள் அது உண்ணாதிருந்தால் அதனைச் சிறு செய்தியாகக் கொள்ளலாகாது. இந்நிலையில் கடமை கையை விட்டுக் கண்ணுக்கு மாறுகின்றது. இதுவரை கொடுப்பது கடமையாக இருந்தது. இனி அறிந்துகொள்வது கடமையாகின்றது.

அறிந்துகொள்ளத் தொடங்கினால் எத்தனை வாயில்கள் திறக்கின்றன! சில நேரங்களில் மறுப்பு நோயே அன்று. அடைகாக்கும் பெட்டை நாளுக்கு ஓரிரு முறை மட்டும் எழுந்து சிறிது உண்டு, நீர் அருந்தி, விரைந்து முட்டைகளிடம் திரும்பும். இருபத்தெட்டு நாள் அளவும் இந்த விரதம் நீடிக்கும். அதனை வலிந்து எழுப்பித் தின்னச் செய்வது உதவியாகாது. சித்திரை வெயிலில் எல்லா வாத்தும் தீனியைக் குறைத்துக்கொள்ளும். நிழலும் குளிர்ந்த நீருமே அதற்கு மருந்து. சிலவேளை குறை நம் பாத்திரத்தில் இருக்கும். வாத்து தவிட்டை நீரோடு சேர்த்தே விழுங்கும். அலகு முழுதும் மூக்குத் துளைவரை மூழ்கும் ஆழத்தில் நீர் அருகே இல்லாவிட்டால் அதனால் ஒழுங்காக உண்ணவும் இயலாது, மூக்கைக் கழுவிக்கொள்ளவும் இயலாது. கோழிக்கு வைக்கும் தட்டையான நீர்த்தட்டை வாத்துக்கும் வைத்துவிட்டு, அது ஏன் உண்ணவில்லை என்று வியப்போர் உண்டு. வாத்துக் குஞ்சுக்குக் கோழிக் குஞ்சைவிட மிகுதியாக நயாசின் என்ற உயிர்ச்சத்து வேண்டும்; அது குறைந்தால் கால்கள் வளைந்து வலுவிழக்கும். அத்தகைய குஞ்சு பசியில்லாமல் கிடப்பதில்லை. தட்டுவரை நடக்க இயலாமல் கிடக்கின்றது.

இனி, தீனியே நஞ்சாவதும் உண்டு. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் உடன் மடிந்தன. தேடிச் சென்றபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் எனக் கண்டனர். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அவ்வாறுதான். வாத்துக் குஞ்சுகள் அந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் என்பதால், பின்னர் நஞ்சைச் சோதித்தறியவே அவற்றைப் பயன்படுத்தினர். மழைக்காலத்தில் மூட்டையின் அடியில் கட்டிதட்டிப்போன பிண்ணாக்கை, "வாத்துக்குத்தானே" என்று எடுத்து வைக்கும் கைகள் இதனைச் சற்று நினைக்கவேண்டும். மனிதர் உண்ணத் தகாததெல்லாம் பிராணிக்கு என்ற நம் பழக்கம் ஈகைபோலத் தோன்றினும் ஈகையன்று.

சேற்றைத் துழாவும் வாத்து மின்னும் பொருளைக் கண்டால் விழுங்கிவிடும். ஆணி, கம்பித் துண்டு, நாணயம் ஆகியவை தீனியை அரைக்கும் தசைப்பையில் தங்கி, ஈயமும் துத்தநாகமும் மெல்ல இரத்தத்தில் கலக்கும். பறவை உணவை விடும், எச்சம் கரும்பச்சையாகும், இறக்கை தொங்கும். தேங்கி நாறும் நீரிலும் அழுகலில் நெளியும் புழுக்களிலும் உண்டாகும் வேறொரு நஞ்சு கழுத்தையே நிமிர்த்தவிடாமல் செய்யும். பெட்டையாயின் முட்டை உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். அது வாலை அழுத்தி முக்கி முக்கி அமரும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இவற்றுள் பலவற்றை மருத்துவர் ஒருவரே தீர்த்துவைக்க முடியும்.

இங்கேதான் நல்லெண்ணத்தைப் பற்றிய பழைய கேள்வி எழுகின்றது. செயலை எடைபோடுவது நிய்யத்து என்று நாம் இளமையிலேயே கற்றிருக்கின்றோம். அன்பு மிகுந்த ஒருவர், உண்ணாத வாத்தைப் பிடித்து, அலகைத் திறந்து, கஞ்சியைக் கரண்டியால் ஊற்றுகின்றார். அவர் எண்ணம் தூயது. ஆனால் வாத்தின் நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கின்றது. கஞ்சி அதனுள் இறங்கினால் வாத்து மூச்சுத் திணறியோ, சில நாளில் நுரையீரல் நோயாலோ மாளும். உடல் குளிர்ந்து வறண்ட பறவைக்கு முதலில் வெதுவெதுப்பும், பின் நீரும், அதன் பின்னரே உணவும் என்பது மருத்துவர் கைக்கொள்ளும் வரிசை. அதனை மாற்றி உணவை முதலில் திணித்தால் செரிமானம் நின்றுபோன குடலில் அது புளித்துப்போகும். வெயிலால் வாடிய வாத்தைக் குளிரால் நடுங்குவதாக எண்ணி விளக்கடியில் வைத்தாலோ, அதுவே முடிவாகிவிடும்.

இதே செயலின் மறுபக்கத்தையும் பார்க்கலாம். எகிப்தின் ஸக்காராவில், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்லறைச் சுவர்களில், பறவைகளின் தொண்டையில் தீனியைத் திணிக்கும் மனிதர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றனர். இன்றும் பிரான்சில், வாத்தின் ஈரலைப் பன்மடங்கு வீங்கச் செய்வதற்காக நாள்தோறும் குழாய்வழித் தீனியைச் செலுத்துகின்றனர். அந்நாடு 2006ஆம் ஆண்டு அவ்வுணவைத் தன் பண்பாட்டுச் செல்வம் என்றே சட்டத்தில் எழுதிக்கொண்டது. இந்தியா 2014ஆம் ஆண்டு அதன் இறக்குமதியைத் தடை செய்தது. மருத்துவர் நோயுற்ற வாத்தைக் காக்கச் செலுத்துவதும் குழாய்தான். அந்தப் பண்ணையார் செலுத்துவதும் குழாய்தான். இரண்டையும் பிரிப்பது எண்ணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கரண்டியால் ஊற்றும் அன்பரையும் மருத்துவரையும் பிரிப்பது எண்ணம் அன்று, அறிவு. எண்ணம் தூயதாக இருந்தால் போதும் என்று அடங்கிவிடுகின்றவர், தம் மனநிறைவுக்காகவே ஊற்றுகின்றாரோ என்று நாம் ஐயுறுகின்றோம். வாத்து துன்புறும்போது ஒன்றும் செய்யாமல் பார்த்திருப்பது நமக்குத் தாங்க இயலாததாக இருக்கின்றது. அந்தத் தவிப்பைத் தணிக்க எதையேனும் செய்துவிடுகின்றோம். அத்தவிப்பும் பொய்யன்று, ஆனால் அது வாத்தின் தேவையன்று.

துணையின்மையும் வாத்தின் பசியைக் கெடுக்கும். கூட்டமாக வாழும் பறவை அது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் அசையக் காண்பதைத் தாயாகக் கொள்ளும் இயல்பு வாத்துக்கும் அன்னத்தை ஒத்த பெருவாத்துக்கும் உண்டு என்பதைக் கொன்ராட் லோரன்ஸ் தம் ஆய்வுகளால் உலகறியச் செய்தார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். விளையாட்டாக ஒற்றைக் குஞ்சை வாங்கிச் சிறுவர் கையில் கொடுத்துவிடுகின்றோம். அது அச்சிறுவனையே இனமாகக் கொண்டு அவன் காலடியைத் தொடர்கின்றது. பள்ளி திறந்து அவன் விடுதிக்குச் சென்றதும், அது தட்டைவிட்டு வாயிலைப் பார்த்து நிற்குமாயின், அதற்கு எந்த மருந்தை எழுதித் தருவது? வாத்தை வாங்குவோர் இரண்டாக வாங்குக என்று சொல்லத்தான் தோன்றுகின்றது.

ஒரு வாத்துக்கு இத்தனை பாடா, அதன் விலையைவிட மருத்துவச் செலவு மிகுமே என்பார்க்கு நாம் நெடிது விடை கூறப்போவதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூஉமைர் என்ற சிறுவன் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, அவன் வாட்டத்தைக் கண்டு, அக்குருவியைப் பற்றி அவனிடம் அன்போடு வினவினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அச்சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது அளவில் படிப்பினைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார் இப்னுல் காஸ் என்ற அறிஞர். குருவிக்கு விலை என்ன என்று அங்கே எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடினமான கேள்வி வேறொன்று. வாத்து உண்ணத்தக்க பறவை. இரண்டு நாளாக அது மூலையில் கிடப்பதைக் கண்டு, "இன்னும் என்ன பார்க்கிறாய் மகனே, செத்துப் போனால் ஹராமாகிவிடும், இப்போதே அறுத்துவிடு" என்கின்றார் வாப்பும்மா. சட்டப்படி அவர் சொல்வதில் பிழை காண்பதற்கில்லை. மகனோ அதற்குப் பெயரிட்டு அழைத்தவன். அவன் தயக்கத்தை மென்மை என்று நகைப்பதும் எளிது. அவர் சொல்லைக் கொடுமை என்று பழிப்பதும் எளிது. நாம் கேட்பது ஒன்றுதான்: அறுப்பது யாருடைய துன்பத்தை முடிப்பதற்காக? பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்தபின், வேதனையை நீட்டாமல் கூரிய கத்தியால் முடிப்பது வேறு. இறைச்சி வீணாகிவிடுமே என்று அவசரப்படுவது வேறு. பின்னது உடலுக்கும் ஊறு. என்ன நோயென்று தெரியாத பறவையின் இரத்தத்தில் கை நனைப்பது விரும்பத்தக்கதன்று. மருந்து கொடுத்த பறவையின் இறைச்சியோ அம்மருந்து உடலை விட்டு நீங்கும் வரையில் உண்ணத் தகாதது. 2014ஆம் ஆண்டு கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் பரவி இலட்சத்துக்கும் மேற்பட்ட வாத்துகளை அழிக்க நேர்ந்ததை மறந்துவிடலாகாது.

இறந்துபட்டால் அதனைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று மடியுமாயின் அவற்றைத் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்கவேண்டும். ஒன்று மட்டுமே இறந்து மற்றொன்று எஞ்சியிருந்தால், அதன் தட்டை அன்று மாலையே பார்த்து வருவது நல்லது. துணையிழந்த வாத்து உண்ணாதிருக்கக் காரணம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கின்றது.