மிதக்காத படகில் ஆறு பேர்

1955இல் தென்சீனத்தின் குவாங்சோ நகரில், கிழக்கு ஹான் வம்ச காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து ஒரு படகு வெளியே வந்தது. சுட்ட மண்ணால் செய்த ஆற்றுப் படகு. நீளம் ஏறத்தாழ 54 செ.மீ. முன்பக்கம் நங்கூரம், நடுவே கூரையிட்ட அறைகள், பின்பக்கம் சுக்கான். எதிலும் குறை வைக்கவில்லை குயவர். கப்பல் வரலாறு எழுதுவோர் அந்தச் சுக்கானைக் கொண்டாடுகிறார்கள். ஐரோப்பாவில் பின்பக்கச் சுக்கானைக் காட்டும் சிற்பங்கள் 12ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகின்றன.

அது இருக்கட்டும். செத்தவருக்கு நங்கூரம் எதற்கு?

சீனர்கள் இதை வெகுகாலம் முன்பே யோசித்திருக்கிறார்கள். ‘லீ ஜி’ என்ற சடங்கு நூலில் கன்பூசியஸின் விளக்கம் வருகிறது. போனவர் போய்விட்டார் என்று கைகழுவுவது பாசத்துக்கு ஒவ்வாது. இன்னும் இருக்கிறார் என்றே நடந்துகொள்வது புத்திக்கு ஒவ்வாது. ஆகவே கல்லறைக்குள் வைக்கும் பொருள் பார்வைக்கு அசலாக இருக்கலாம், ஆனால் உதவக் கூடாது. யாழுக்கு நரம்பு கட்டலாம், சுருதி கூட்டக் கூடாது. மறுமை உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்காமலேயே துக்கத்துக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு இது. பாசாங்கு என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் அப்பாவின் படத்துக்கு முன் காபி வைக்கும் யாரும் அதை அவர் குடிப்பார் என்று எண்ணி வைப்பதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் படகில் ஆறு மண் மனிதர்களும் இருக்கிறார்கள்.

கன்பூசியஸ் இதற்கு இசைந்திருக்க மாட்டார். வைக்கோல் பொம்மை போதும் என்றவர் அவர். ஆளை அப்படியே உரித்துவைத்த உருவங்களை வெறுத்தார். இன்று பொம்மை என்றால் நாளை உயிருள்ள ஆள் என்பது அவருடைய அச்சம். அது வெறும் கற்பனையும் அல்ல. அவர் மறைந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத கி.மு. 433 வாக்கில், இன்றைய ஹூபெய் மாகாணத்தில் ஸெங் நாட்டுச் சிற்றரசர் யீ இறந்தபோது 21 பெண்கள் அவரோடு புதைக்கப்பட்டார்கள்.

பொம்மைகள் வந்ததால்தான் மனிதர்கள் தப்பினார்கள் என்ற எதிர்வாதமும் உண்டு. வலுவான வாதம்தான். ஆனாலும் எசமானர் இறந்த பிறகும் அவருக்கு வேலைசெய்ய ஆள் வேண்டும் என்ற நினைப்பை அது தொடவில்லை. ஹாங்காங்கில் இன்றும் இறந்தவர்களுக்காகக் காகித வீடு, காகிதக் கார், காகிதக் கைபேசி எல்லாம் எரிக்கிறார்கள். காகித வேலைக்காரர்களும் கடையில் கிடைக்கிறார்கள். காரை ஓட்ட ஆள் வேண்டுமே.