வெற்றுத் தட்டு

சாட்சி என்ற சொல் நமக்கு இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒன்று வேதாந்தம், மற்றது கோர்ட்டு. வேதாந்தத்தின் சாட்சி பார்க்கிறான், பார்ப்பது எதுவும் அவன்மேல் ஒட்டுவதில்லை. கோர்ட்டின் சாட்சி பார்த்ததைச் சொல்கிறான். வழக்கில் அவனுக்குச் சொந்த லாபநஷ்டம் இருக்கிறதென்று எதிர்த்தரப்பு வக்கீல் காட்டிவிட்டால் அவன் வார்த்தைக்கு மதிப்பு பாதியாகிவிடும். பார்க்கிறவன் வேறு, பார்க்கப்படுவது வேறு என்ற எதிர்பார்ப்பு இரண்டுக்கும் பொது. இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசிக்க, தத்துவ நூல்களைவிட, கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சிக்குப் போகும் மாணவியின் மேஜை எனக்கு அதிகம் உதவுகிறது.

அவளுக்குக் கொடுக்கப்படும் வேலை நுண்பிளாஸ்டிக்கை எண்ணுவது. உச்ச ஓதம் விட்டுப்போன கோட்டிலிருந்து மணலை அள்ளி, உலர்த்தி, இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் கலக்குகிறார்கள். மணல் கீழே தங்கும். லேசானவை மேலே வரும். மேலே வந்ததை ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறவைத்தால் பாசி, புழு, இலைத் துணுக்கு எல்லாம் கரைந்துபோகும். மிச்சத்தை வடிதாளில் இறக்கி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றைத் துண்டு, மணி, இழை என்று பிரித்து எண்ண வேண்டும். 5 மில்லிமீட்டர் என்ற எல்லையை இயற்கை வகுக்கவில்லை. 2008ல் அமெரிக்காவில் டகோமா நகரில் கூடிய விஞ்ஞானிகள் வசதிக்காக வைத்துக்கொண்டது அது. உப்புநீரும் அப்படியொன்றும் நடுநிலைமை வகிப்பதில்லை. பாலிஎதிலீன் அதில் மிதக்கும். தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் துணியும் ஆகிற பெட் பிளாஸ்டிக் அந்த நீரைவிடக் கனம், மூழ்கிவிடும். இன்னும் அடர்த்தியான கரைசல்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு விலை அதிகம், சிலவற்றுக்கு விஷமும் அதிகம். எது கண்ணில் படவேண்டும் என்பதில் ஒரு பங்கை உப்பின் மலிவே தீர்மானித்துவிடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. அந்த மேஜையில், மாதிரிக்குப் பக்கத்தில், இன்னொரு தட்டு திறந்தபடி இருக்கும். ஈரமான ஒரு வடிதாளைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. வெற்று மாதிரி என்பார்கள். அவள் எண்ணி முடிக்கிறவரை அதுவும் திறந்தே கிடக்கும். பிறகு அதையும் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து எண்ணுவாள். அதில் இழைகள் இருக்கும். அறையின் தூசு அது. அறையின் தூசில் அங்கே நடமாடுகிறவர்களின் உடையும் சேர்ந்திருக்கிறது. அதற்காகத்தான் பருத்திக் கோட்டு போடச் சொல்கிறார்கள். சில இடங்களில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்தச் சொல்வதும் உண்டு, கடலின் இழை எது, எண்ணுகிறவளின் இழை எது என்று அடையாளம் தெரிவதற்காக. மாதிரியின் கணக்கிலிருந்து வெற்றுத் தட்டின் கணக்கைக் கழித்த பிறகே கடலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டாகிறது.

இதை வெறும் சோதனைச்சாலை ஒழுங்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒட்டாத சாட்சி கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, அப்புறமும் உண்மை சொல்ல முடியும் என்று நம்புகிற அறிதல்முறை இது. எல்லாம் பார்ப்பவனைப் பொறுத்தது என்று கையை விரித்துவிடும் அலட்சியம் இதில் இல்லை. என்மேல் எதுவும் ஒட்டாது என்ற வேதாந்த மிடுக்கும் இல்லை. என் உடையிலிருந்து இத்தனை விழுந்திருக்கிறது என்று ஒரு எண் மட்டும் இருக்கிறது. (நம் விமர்சகர்கள் பக்கத்தில் ஒரு வெற்றுத் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அதில் என்னென்ன விழும் என்று கற்பனை செய்துபார்க்கலாம். ஜாதி, ஊர், குரு, பழைய சண்டை.)

நியாயத்தின் பக்கம் இருப்பவனுக்குத்தான் இந்தத் தட்டு அதிகம் தேவைப்படுகிறது. பயிற்சிக்கு வருகிறவள் கடலின்மேல் பிரியம் வைத்து வருகிறாள். அவளுக்குச் சார்பு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு நீல இழை தெரிந்தவுடன் அவள் கை பிளாஸ்டிக் என்று குறிக்கத் துடிக்கும். 2020ல் வெளியான ஒரு ஆய்வில், ஆறு கடற்பரப்புகளிலிருந்து எடுத்த இழைகளை ஒவ்வொன்றாக அகச்சிவப்பு ஒளியில் சோதித்தார்கள். சுமார் 8 சதவிகிதம்தான் செயற்கை இழை. மற்றவற்றில் பெரும்பகுதி பருத்தி போன்ற தாவர இழை, கொஞ்சம் கம்பளி. பெரும்பாலும் சாயம் ஏறிய துணி. அதுவும் மனிதன் போட்டதுதான், அதுவும் நல்லதென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது பிளாஸ்டிக் இல்லை. இலக்கியத்தில் சார்பு வேண்டுமா வேண்டாமா என்று நாம் எத்தனையோ பக்கங்களைச் செலவழித்திருக்கிறோம். நோக்கம் நல்லதாக இருக்கும்போது கணக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்ற கேள்வியை நேராகக் கேட்டவர்கள் குறைவு. நல்ல காரியத்துக்காகக் கூட்டிச் சொன்ன எண் முதலில் எதிரியைச் சௌகரியப்படுத்துகிறது. பிறகு சொன்னவளையே கடலைப் பார்க்கவிடாமல் செய்கிறது. அதன்பின் அவள் பார்ப்பது தன் கோபத்தை மட்டும்.

இதுவரை நான் வெற்றுத் தட்டின் பக்கம். ஆனால் அதில் ஒரு மாயமும் இருக்கிறது. கழிக்கப்பட்ட இழை எங்கே போகிறது? கணக்கிலிருந்து போய்விடுகிறது, உலகத்திலிருந்து போவதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் பிளிமத் பல்கலைக்கழகத்தில் துணி துவைக்கும் யந்திரத்தை வைத்து ஒரு பரிசோதனை செய்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் தண்ணீரோடு போகக்கூடும். எண்ணுகிறவள் தன் இழையைக் கழித்துவிட்டு, மாலையில் அறைக்குப் போய்த் துணி துவைக்கிறாள். காலையில் தகவல் பிழை என்று ஒதுக்கப்பட்டது மாலையில் தகவலாகிறது. இந்தக் கழித்தல் விஞ்ஞானத்துக்கு வேண்டும். நீதிக்கு அது போதாது. நீதியின் கணக்கில் வெற்றுத் தட்டைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். ஒரே தட்டை ஒரு கணக்கில் கழித்தும் இன்னொன்றில் கூட்டியும் எழுதுகிற மனது எளிதில் வாய்ப்பதில்லை. பலர் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். கழித்ததோடு நிறுத்தியவர்களுக்கு மாசு எப்போதும் அடுத்தவன் போட்டது. கூட்டுவதை மட்டும் செய்கிறவர்கள், நானும் குற்றவாளி, நான் யார் எண்ணுவதற்கு என்று எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டாவது வகையினரைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். அவர்களுடைய குற்ற உணர்வுக்கு ஒரு அழகு இருக்கிறது, அந்த அழகுக்குச் செலவு கிடையாது.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி மிச்சம். 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். கழிவானதில் மறுபடி உபயோகத்துக்கு வந்தது 9 சதவிகிதம் என்று 2017ல் கணக்கிட்டார்கள். முகப்பூச்சில் போடும் நுண்மணிகளை அமெரிக்கா 2015ல் சட்டம் போட்டும், பிரிட்டன் 2018லும் தடுத்தன. எண்ணியதன் பலன் அது. ஆனால் விடுவதற்குச் சுலபமானதைத்தான் விட்டார்கள், துணியை யாரும் தொடவில்லை. உலக நாடுகள் பிளாஸ்டிக்குக்கு ஒரு ஒப்பந்தம் காண 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடி, உடன்பாடு இல்லாமல் கலைந்தன. பயிற்சி முடித்து இரண்டு மாதத்தில் ஊர் திரும்புகிறவள் கடலைக் காப்பாற்றிவிட்டு வருவதில்லை. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதையை எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஆள் தயாராக இருக்கும். எனக்கு அது பொருந்தவில்லை. அவளுக்குச் சான்றிதழ் வேண்டும், மேற்படிப்புக்கு இடம் வேண்டும். எண்ணிக்கை சரியாக இருப்பதற்கு எண்ணுகிறவளின் ஆசையின்மை தேவைப்படவில்லை என்பதுதான் இந்த வேலையின் விசேஷம்.

பிளிமத்திலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அலிஸ்டர் ஹார்டி என்ற கடலியல் அறிஞர் கப்பலின் பின்னால் கட்டி இழுக்க ஒரு கருவி செய்தார். உள்ளே பட்டுச் சுருள். நீர் புகுந்து போகையில் மிதக்கும் நுண்ணுயிர்கள் பட்டில் படியும். சுருள் மெல்ல நகர்ந்து ஃபார்மலினில் சேரும். 1931 முதல் வியாபாரக் கப்பல்கள் இதை வட கடலில் இழுத்தன, பிறகு அட்லாண்டிக்கிலும். இன்றும் இழுக்கிறார்கள், இப்போது பிளிமத்திலிருந்து. ஹார்டியின் அக்கறை ஹெர்ரிங் மீன் எங்கே கிடைக்கும் என்பதில் இருந்தது. 2002ல் அந்தப் பதிவுகளைப் படித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: 1960 முதல் 40 ஆண்டுகளில், வெதுவெதுப்பான நீரை விரும்பும் ஓட்டு நுண்ணுயிர்கள் வடக்கே ஏறக்குறைய 10 அட்ச பாகை நகர்ந்துவிட்டிருந்தன. கடல் சூடேறுவதைப் பட்டு எழுதிவைத்திருக்கிறது. 2004ல் ரிச்சர்ட் தாம்ஸன் குழுவினர் அதே சேமிப்பில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே எடுத்த பட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்து, அறுபதுகளிலிருந்தே பிளாஸ்டிக் இழை அதில் இருப்பதையும் பிறகு அது கூடியதையும் கண்டார்கள். நுண்பிளாஸ்டிக் என்ற சொல் பரவியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். எண்ணெயை எரித்தால் வானத்துக்குப் போகிறது, நூலாக நூற்றால் கடலுக்குப் போகிறது. இரண்டும் ஒரே பட்டில் பதிவாகியிருப்பதில் ஆச்சரியமில்லை.

1957ல் அந்தக் கருவியில் மீன்வலைக் கயிறு ஒன்று சிக்கியது. 1965ல், அயர்லாந்துக்கு அப்பால், ஒரு பிளாஸ்டிக் பை. கருவி சிக்கியதற்குக் காரணம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் குறிப்புகளைக் கடல் பிளாஸ்டிக்கின் சரித்திரமாகத் திரட்டி வெளியிட்டது 2019ல். எழுதியவர்கள் தங்களைச் சாட்சி என்று நினைத்திருக்க மாட்டார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று எழுதினார்கள். இன்று எண்ணுகிறவளின் வெற்றுத் தட்டில் விழுவதும் இடைஞ்சல் என்ற பெயரில்தான் பதிவாகிறது. பெரும்பாலான கட்டுரைகளில் அது செய்முறைப் பகுதியில் இரண்டு வரி: இத்தனை இழை, கழிக்கப்பட்டது.