எந்தப் படியில் உயிர்?

சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து கீழப்பாவூர்க் குளத்தில் தேங்கிய பின்னர், கரையோரம் பச்சை படரும். அதில் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஒற்றை உயிரணுவே முழு உடலாய் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்களைக் காணலாம். அவற்றுக்கு உயிரணுவின் சாவே தம் சாவு. அக்குளத்துக் கெண்டை மீனின் நிலை அப்படியன்று. அதன் உடலில் உயிரணுக்கள் கூடித் திசுவாகின்றன. திசுக்கள் கூடி உறுப்பாகின்றன. உறுப்புகள் இசைந்து இயங்க ஓருடல் அமைகிறது. கீழ்ப்படியில் காணப்படாத ஒன்று மேற்படியில் தோன்றுகிறது.

உயிரணுவுக்கு இக்கால அரபு மொழியில் 'கலிய்யா' என்று பெயர். தேன்கூட்டையும் அச்சொல்லே குறிக்கும். பெயரிட்டவரைப் பாராட்டத்தான் வேண்டும்! தேனீக்கள் நாள்தோறும் மடியக் கூடு நிலைக்கிறது. கூடு கலைந்த பின்னும் சில தேனீக்கள் அங்கேயே சுற்றிப் பறக்கின்றன. நம் குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கிறது. அதற்காக எவரும் ஜனாஸா எடுப்பதில்லை.

ஆனால் விபத்தில் தலையில் அடிபட்ட மகன் கிடக்கிறான். கருவி மூச்சை நடத்துகிறது. "மூளைத்தண்டு செயலிழந்துவிட்டது, இவர் இறந்துவிட்டார். உறுப்புகளைத் தர இசைவீர்களா?" என்று மருத்துவர் கேட்கிறார். தாய் அவன் மார்பில் கை வைத்துப் பார்க்கிறாள். சூடு இருக்கிறது, துடிப்பும் இருக்கிறது. அவள் எதை நம்புவாள்?

இதயத்தின் துடிப்பு அதனுள்ளேயே பிறப்பது. மூளையின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை. அதனால்தான் ஒருவர் நெஞ்சிலிருந்து எடுக்கப்பட்ட இதயம் சில மணி நேரத்துக்குள் இன்னொருவர் நெஞ்சில் துடிக்க முடிகிறது. 2008ஆம் ஆண்டு சென்னையில், விபத்தில் மூளைச்சாவடைந்த பதினைந்து வயது மாணவனின் இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டதை நாடே அறியும். துடிப்பு உறுப்பின் உயிருக்குச் சாட்சி. ஆளின் உயிருக்கு அது மட்டுமே சாட்சியாகாது. 'கல்பு' என்றதும் ஈமானையும் நினைக்கும் நமக்கு இது எளிதில் செரிக்காது. ஆயினும் இதயத்தைப் பெற்றவர் கொடுத்தவராகிவிடுவதில்லை அல்லவா?

மார்க்க அறிஞர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு மன்றம், மூளை முழுவதும் மீளாவண்ணம் செயலிழந்து சிதையத் தொடங்கினால் அதுவும் மரணமே என்றது. மறு ஆண்டு மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், அந்நிலையில் கருவியை எடுக்கலாம், ஆனால் இதயமும் மூச்சும் அடங்கிய பின்னரே மரணம் எனத் தீர்ப்பளித்தது. நான் அம்மான் தீர்ப்பின் பக்கம் சாய்கிறேன். கூடு கலைந்ததெனத் தெரிந்த பின் தேனீயைக் காட்டி வாதிடுவதில் பொருளில்லை. எனினும் மக்காத் தீர்ப்பைப் பற்றி நிற்பவரை அறியாதவர் என்பது அடாது. ரூஹு பிரியும் கணத்தை எக்கருவியும் அளந்ததில்லை; மருத்துவர் காண்பது அடையாளத்தையே. மேலும், அம்மான் மன்றம் மூளை முழுவதையும் சொன்னது. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டமோ மூளைத்தண்டைச் சொல்கிறது. இவ்வேறுபாட்டை நம் உலமாக்கள் இன்னும் விரிவாக ஆராய வேண்டும்.

அச்சட்டத்தின்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, சுமார் ஆறு மணி நேர இடைவெளி விட்டு, இருமுறை சோதித்தாக வேண்டும். அவ்விடைவெளி குடும்பத்தாருக்கும் உரியதே. என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று அத்தாய் கேட்கலாம். தமிழில் விளங்கும்படி விடை பெறலாம். விளங்கிய பின் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லலாம்.