நடுங்காத குரல்

108க்கு அழைக்கும் ஒரு பெண்ணின் குரலில் எவ்வளவு பயம் தெரிந்தால் ஆம்புலன்ஸ் அவளிடம் முதலில் வர வேண்டும்? கேள்வி அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் அவசர மருத்துவ அழைப்புகளில் பேசுபவரின் உணர்ச்சியைக் கணினியைக் கொண்டு கண்டறியும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாகவே நடந்துவருகிறது. பிரான்சில் ஓர் அவசர மருத்துவ உதவி மையத்தின் உண்மையான உரையாடல்களை 20 மணி நேரத்துக்கும் மேலாகத் தொகுத்து, துண்டு துண்டாகக் கேட்டு, பயம், கோபம் என்று பெயரிட்டார்கள். ‘செமோ’ என்பது அத்தொகுப்பின் பெயர். 2021இல் அதைக் கொண்டு பழக்கிய செயற்கை நுண்ணறிவிடம் பயம், கோபம், மகிழ்வு சார்ந்த உணர்வு, சமநிலை ஆகிய நான்கில் ஒன்றைச் சொல்லக் கேட்டார்கள். சரியான விடைகள் பாதியைத் தொடவில்லை. நடிகர்கள் பேசிய பதிவுகளில் அதே முறை இதைவிட நன்றாகத் தேறியது.

இந்த வித்தியாசம் எனக்கு வியப்பளிக்கவில்லை. நடிப்பில் பயம் பயமாகவே ஒலிக்கும். வாழ்க்கையில், குறிப்பாகப் பெண்களின் வாழ்க்கையில், அது வேறு எதுவாகவும் ஒலிக்கும்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் வயதான பெண்கள் நோவைச் சொல்லும் விதத்தைக் கேட்டிருக்கிறீர்களா? “ஒண்ணுமில்ல மக்ளே, லேசா நெஞ்சு கரிக்கு.” நெஞ்சில் கை வைத்தபடி, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இதைச் சொல்வார்கள். வலியைச் சிறிதாக்கிச் சொல்வதும் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட நாகரிகம். இன்னொருத்தி, அடித்த கணவன் அதே அறையில் நிற்க, “வழுக்கி விழுந்துட்டேன்” என்று தட்டையான குரலில் சொல்வாள். அந்தக் குரலைச் ‘சமநிலை’ என்று குறித்தால், அவளை அடக்கிவைத்திருக்கும் வீட்டின் வெற்றியைத்தான் இயந்திரம் பதிவுசெய்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒக்கிப் புயல் முடிந்து ஒரு வாரம் கழித்து, 2017 டிசம்பரில், கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லி எங்கள் கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தார்கள். அங்கே பெண்கள் எழுப்பிய குரலுக்கு என்ன பெயரிடுவது? கோபமா, பயமா, துக்கமா? மூன்றும் ஒரே மூச்சில் இருந்தன. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்குச் சாதாரணப் பேச்சே உரத்ததுதான். குமரியின் கடைசி ஊரிலிருந்து 108ஐ அழைத்தாலும் எடுப்பது தொலைவில் உள்ள மையமாக இருக்கலாம். கடற்கரைப் பேச்சும் மலையாளம் கலந்த பேச்சும் அங்குள்ள மனிதக் காதுக்கே சட்டென்று பிடிபடாது. வேறெங்கோ பேசிய குரல்களில் பழகிய இயந்திரம் இவளைக் ‘கோபக்காரி’ என்று குறித்தால், உதவி கேட்டவள் தொல்லை கொடுப்பவளாகிவிடுவாள்.

பெண்ணின் உணர்ச்சிக்கு மற்றவர்கள் பெயர் சூட்டுவது புதிதல்ல. ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது 1980 வரை நோயின் பெயராக இருந்தது. சத்தம் போட்டால் ஹிஸ்டீரியா, போடாவிட்டால் ஒன்றுமில்லை. புதிய கருவி இந்தப் பழைய பட்டியலையே எண்களாக்கித் தரக்கூடும் என்பதுதான் என் அச்சம்.

மனிதர்கள் மட்டும் சரியாகக் கேட்கிறார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017 டிசம்பர் இறுதியில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நவோமி முசெங்கா என்ற 22 வயதுப் பெண் கடும் வயிற்று வலியோடு அவசர உதவியை அழைத்தார். செத்துவிடுவேன் என்றார். எல்லோரையும்போல ஒருநாள் சாகத்தான் போகிறாய் என்ற பொருளில் மறுமுனையிலிருந்து பதில் வந்தது. நவோமி அன்றே இறந்தார். அழைப்பை எடுத்தவருக்கு 2024இல் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. இங்கே எந்த உணர்ச்சி கண்டறியப்படாமல் போயிற்று? அவர் தன் பயத்தைச் சொல்லாகவே சொல்லிவிட்டார். மறுமுனையில் இருந்தவர் கேட்டார், நம்பவில்லை, அவ்வளவுதான். அறிவது வேறு, நம்புவது வேறு. கருவி முதலாவதைத்தான் தர முடியும்.

கோபன்ஹேகனில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. அங்கே அழைப்பைக் கேட்டு, உணர்ச்சியை அல்ல, இதயம் நின்றுபோனதற்கான அறிகுறிகளைக் கண்டறியும் நிரலைச் சோதித்தார்கள். நிரல் பலரைவிட விரைவாகக் கண்டுபிடித்தது. ஆனால் 2021இல் வெளியான ஆய்வின்படி, அதன் எச்சரிக்கையைப் பெற்ற பணியாளர்களும் பெறாதவர்களும் கண்டறிந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கருவியின் பக்கம் பேசுபவர்கள் ஒரு சமரசம் சொல்லலாம்: பயம் கேட்டால் முன்னுரிமையைக் கூட்டட்டும், கேட்காவிட்டால் குறைக்க வேண்டாம். கருணையுள்ள யோசனைதான். ஆனால் ஆம்புலன்ஸ்களின் எண்ணிக்கை அளவானது. அலறுபவரை முன்னே நகர்த்தினால், அடுப்பை அணைத்துவிட்டுப் பேசும் கிழவி தானாகவே பின்னே போகிறாள். ஆகவே உதவியின் வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது தேவை மட்டுமே: மூச்சு வருகிறதா, ரத்தம் போகிறதா, நினைவு இருக்கிறதா என்ற கேள்விகள். உணர்ச்சி பற்றிய குறிப்புக்கு இடமுண்டு என்றால், அது அழைத்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான். யாரிடம் முதலில் போவது என்பதில் அல்ல.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்தக் குரல் யாருடையது? 2023ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் ஒப்புதல் இன்றியே ஒருவரின் தகவலைக் கையாள இடமளிக்கிறது. உயிர்காக்க அது தேவை. ஆனால் ஆம்புலன்ஸ் அனுப்புவதற்காகத் தந்த குரலை எடுத்து, பின்னொரு நாள் இயந்திரத்துக்குப் பாடம் நடத்துவது உயிர்காப்பதாகாது. ஒரு பெண் தன் வாழ்வின் மிக மோசமான நிமிடத்தில் விட்ட மூச்சை, அவளிடம் கேட்காமல் யாரும் சேமித்துவைக்கக் கூடாது.

அழைப்பை எடுக்கும் பணியாளர்களையும் மறக்க முடியாது. அழைப்பவரின் உணர்ச்சியை அளக்கும் கருவி, பதில் சொல்பவளின் எரிச்சலையும் சோர்வையும் அளக்கும். பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை இப்படிக் கண்டறிவதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர்த்து, 2025 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்திருக்கிறது. இரவெல்லாம் பிறர் வலியைக் கேட்பவளுக்குத் தேவை மதிப்பெண் அல்ல, ஓய்வும் உடன் அமர இன்னொருத்தியும். அப்படி ஓய்ந்த காதுக்குத்தான், “ஒண்ணுமில்ல” என்று ஒரு பெண் சொல்லும்போது, “எங்கே வலிக்குதும்மா?” என்று இன்னொரு தடவை கேட்கத் தோன்றும்.