காப்பு: அணியும் அரணும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாவையின் 27-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் எம்பெருமானிடம் சம்மானமாகச் சில அணிகலன்களைக் கேட்கிறாள். அவற்றுள் முதலாவது சூடகம். அதாவது கைக்கு இடும் வளை. 2-ஆம் பாசுரத்தில் நெய்யும் பாலும் மையும் மலரும் வேண்டா என்று விட்டவள், இங்கே பொன்வளை கேட்பது முரணன்றோ எனில், அன்று. அவனைப் பிரிந்திருக்கையில் அணிவது தனக்காக அணிவதாம். கூடினபின் அவன் தர அணிவது அவன் கண்டு உகக்கைக்காக. விட்டது தன் போகத்தை. கேட்டது அவன் பிரசாதத்தை.

கைவளைக்குக் காப்பு என்றும் பெயருண்டு. தென்னாட்டுப் பழைய பொற்காப்புகளில் ஒருவகையில் இரண்டு மகரமுகங்கள் எதிரெதிரே நோக்கியிருக்கும். கண்ணிலும் நெற்றியிலும் சிவப்புக்கற்கள் பதித்திருப்பர். திருகாணியைக் கழற்றிக் கையில் இட்டு, மறுபடி திருகிக்கொள்வர். கல்லின் அடியில் மெல்லிய தகடு வைத்து அடைப்பதுண்டு. அத்தகடு ஒளியைத் திருப்பித் தருவதனாலே கல் சுடர்விடும். நமக்குள்ள ஒளியும் உள்ளே நிற்கும் அந்தர்யாமியாலே என்று இதனால் அறியலாம்.

மகரமாவது முதலையை ஒத்த நீர்வாழ் உரு. கஜேந்திராழ்வானின் காலைக் கவ்வியதும் முதலையே. அச்சம் தரும் அவ்வுருவே எம்பெருமான் திருச்செவியில் குழையாய்த் தொங்குகிறது. திருவாய்மொழி 7-ஆம் பத்தில் நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த தென்திருப்பேரையில் அவனுக்கு மகரநெடுங்குழைக்காதன் என்றே திருநாமம். அவன் திருமேனியைச் சேர்ந்தவாறே கொடிய வாயும் அழகாயிற்று.

நம் இல்லங்களிலோ இது மாறி நடப்பதுண்டு. பாட்டியார் கழற்றி வைத்த காப்பு யாருக்கு என்பதில் உடன்பிறந்தார் பேச்சொழிந்து பிரிகின்றனர். 'என்னது' என்று பற்றினவளவிலே அணியின் மகரம் மடுவின் முதலையாகிறது. யானையும் தன் வலிமையை நம்பிப் போராடினவரையில் விடுதலை பெற்றதில்லை. கைவிட்டு அழைத்தபின் பெற்றது. பொன்னளவில் மட்டுமன்று இது. ஆத்மாவே அவன் திருமார்பில் விளங்கும் கௌஸ்துபம் போல் அவனுக்கு உரியது. அதை 'என்னது' என்கை ஆத்மாபஹாரம் என்னும் களவாகும் என்பர் ஆசார்யர்கள்.

பெரியாழ்வார் அந்திப்பொழுதில் திருவெள்ளறைப் பெருமானைக் கண்ணனாகவே கண்டு, காப்பிட்டுக்கொள்ள வருமாறு அழைக்கிறார். உலகைக் காப்பவனுக்குத் தந்தையார் காப்பிட்டார். திருமகளாரோ அவன் கையால் காப்புப் பெற விழைகிறாள். இருவர்க்கும் காப்பென்பது அன்பே. ஆதலால் நம் கையில் பழம்பொன் இருப்பினும் இல்லாதொழியினும் குறையில்லை. அவனை நோக்கிக் குவிந்த கைக்கு அவ்வஞ்சலியே சூடகம்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.