வைத்தது, விழுந்தது, மறந்தது

யாருக்கும் சொந்தமில்லாத பொருள் என்று ஒன்று உண்டா? கீழக்குயில்குடியில் இந்தக் கேள்வியை என்னிடம் விடாமல் கிளறிக்கொண்டிருப்பவன் என் மாமா மகன். பழைய சுரங்கக் குழிகளில் மெட்டல் டிடெக்டரோடு அலையும் ஆஸ்திரேலியர்களின் வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்ப்பான். அவன் சொல்லும் கதை பொய்யல்ல. 1980இல் விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவர் பகுதியில் அந்தக் கருவியால் கண்டெடுத்த தங்கக்கட்டியின் எடை 27 கிலோவுக்கு மேல். பெரிய ஆழத்திலும் இல்லை. தங்கம் தேடி வந்த தலைமுறைகள் மிதித்துவிட்டுப் போன மண்ணுக்குக் கொஞ்சம் கீழேதான் கிடந்தது.

"நமக்கும் தேவாலா இருக்குல்ல மாப்ள?" என்பான்.

இருக்கிறது. நீலகிரியில், பந்தலூர் பக்கம். குறும்பர்கள் ஓடை மணலை அரித்துத் தங்கம் எடுத்த இடம். விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரௌ ஸ்மித் என்பவரை 1879இல் இங்கே ஆய்வுக்கு வரவழைத்தது அன்றைய அரசாங்கம். லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் பறந்தன. சில வருடங்களிலேயே எல்லாம் கவிழ்ந்தது. தங்கத்தைவிடப் பங்குப் பத்திரத்தில்தான் அதிகம் பேர் சம்பாதித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். மிஞ்சியவை மலைக்குள் குடைந்த குகைகள். அவற்றுக்குள் இன்றும் ஆட்கள் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள், மண் சரிந்து செத்தும் போகிறார்கள்.

அங்கே இவன் கருவி பெரிதாக உதவாது. அதன் வட்டச் சுருள் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும், அந்தச் சுழற்சியைக் கருவி ஒலியாக்கித் தருகிறது. கட்டியாகக் கிடந்தால் கத்தும். தேவாலாவில் தங்கம் கண்ணுக்கே தெரியாத தூளாக வெங்கச்சங்கல்லுக்குள் பரவிக் கிடக்கிறது. ஆகவே தங்கத்தின் மேல் அது மௌனமாக இருக்கும், வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆணிக்கும் தகர டப்பாவுக்கும் அலறும்.

இதைச் சொன்னதும் அவன் அசரவில்லை. "சரி, தேவாலா வேணாம். நம்ம மலையடிவாரம்? எவனோ பொதச்சு வச்சிட்டுச் செத்துப்போயிட்டான். எடுத்தா யாருக்கு நட்டம்?"

சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அங்கே தோண்டுவது குற்றம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவன் கேட்டது நியாயத்தை. அதற்கான பதில் ஒன்று அந்த மலையிலேயே இருக்கிறது. செட்டிப்புடவில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, நீண்ட காதுகளைப் பார்த்து, எங்கள் ஊர்க்காரர்கள் செட்டியாராக்கிவிட்டார்கள். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் திருமேனிகள். கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர். ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாய் குணமதியார். கொடுத்ததை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய சமயம் திருட்டுக்குத் தரும் இலக்கணம் கறாரானது: கொடுக்கப்படாததை எடுப்பது. சமந்தபத்திரர் இல்லறத்தாருக்காக எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. பிறர் வைத்துவிட்டுப் போனதானாலும், தவறி விழுந்ததானாலும், மறந்தே போனதானாலும் கை வைக்காதே என்கிறது. புதையலுக்கு இதைவிட நேரான விதி வேண்டுமா?

ஆனாலும் எனக்கு இது முழுதாகப் போதவில்லை. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் கிழவிக்கு யார் கொடுத்தார்கள்? ஓடை மணலை அரித்த குறும்பருக்கு? கொடுக்கப்பட்டதை மட்டுமே எடுப்பது என்றால், கொடுக்க ஆளில்லாதவர்கள் பட்டினிதான்.

இந்த இடத்தில், எதிர்பாராமல், ஒரு வெள்ளைக்காரச் சட்டம் எனக்குக் கை கொடுக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில். நூறு வருடத்துக்கு முன் புதைத்தது, உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் பங்கும் போச்சு, ஒரு வருடம் வரை ஜெயில். பொருளை அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோகத்தின் விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். ஆசைப்பட்டதற்கு இந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. எங்கே என்று சொல்லச் சொல்கிறது.

அந்த 'எங்கே'யின் விலை என்ன என்பதற்கு மதுரைக்காரர்கள் தூரம் போகவேண்டாம். கீழடியில், பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பில், தங்கமும் சில துண்டுகள் கிடைத்தன. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளைப் பற்றி, காலம் கணிக்க உதவிய கரித்துண்டைப் பற்றி. இரண்டின் மேலும் டிடெக்டர் சத்தமே போடாது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அவை வெறும் ஓடு, வெறும் கரி. ராத்திரியில் காசு தேடிக் குழி பறிப்பவன் அந்த அடுக்குகளைக் கலைத்துவிடுகிறான். காசை உருக்கியும் விடுகிறான். "யாருக்கு நட்டம்?" என்றால், புதைத்தவனுக்கு இல்லைதான். இனிமேல் அந்த மண்ணிடம் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு.

இவ்வளவையும் என் மாமா மகனிடம் என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். அவனுக்கு வீடு இருக்கிறது, கருவி வாங்கப் பணம் இருக்கிறது, கிடைத்தால் கலெக்டர் ஆபீஸுக்குப் போக பைக் இருக்கிறது. தேவாலாக்காரரிடம் எப்படிச் சொல்வேன்? அவர் தேடுவது புதையல் அல்ல, கனிமம். உரிமம் இல்லாமல் எடுத்தாலே குற்றம். நூறு வருடத்துக்கு முன் கம்பெனிகள் கைவிட்ட பொந்தில் படுத்து ஊர்ந்து, கல்லைச் சாக்கில் சுமந்து வந்து, இடித்துத் தூளாக்கி, பாதரசத்தில் கலந்து, புகையை மூச்சில் இழுத்து ஒரு கடுகளவு எடுப்பார். 'எங்கே' என்ற சொல்லே அவரை ஜெயிலுக்கு அனுப்பிவிடும். உள்ளே மண் சரிந்தால், வெளியே நிற்கும் கூட்டாளி யாரிடம் ஓடிப்போய் எந்த இடத்தைக் காட்டுவார்? சொல்ல முடிந்தும் மறைப்பவரையும் சொல்லவே வழியில்லாதவரையும் ஒரே பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கொண்டுவரும் கடுகை வாங்குகிறவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. உரைகல்லில் உரசிப் பார்ப்பார், தராசில் வைப்பார், எத்தனை மில்லி என்று மட்டும் சொல்வார்.